தீன் நெறி தமிழ் பேசிய வரலாறு

வாடிப்பட்டியில் ஒரு முஸ்லிம் இல்லத்தின் ரமலான் மாதத்து அந்திப் பொழுதை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வந்து சேருகிறது. "பாங்கு சொல்லியாச்சா?" என்று அத்தா கேட்கிறார். "சொல்லிவிட்டார்கள் அத்தா, நோன்பு திறந்துவிட்டுத் தொழப் போங்கள்" என்கிறாள் மகள். ஓதிக்கொண்டிருந்த தாய் திருமறையை மூடி உயரத்தில் வைத்துவிட்டு எழுகிறாள். பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று சிறுவன் விரல்விட்டு எண்ணுகிறான்.

இந்தச் சிறிய உரையாடலில் வரும் சொற்களைச் சற்றே நிறுத்துப் பாருங்கள். நோன்பு, தொழுகை, ஓதுதல், திருமறை, பள்ளிவாசல், பெருநாள் ஆகிய அனைத்தும் தமிழ். 'பாங்கு' ஒன்றுதான் வெளியிலிருந்து வந்த சொல்; அதுவும் அரபியன்று, பாரசீகம். இஸ்லாத்தின் தூண்களாகிய வணக்கங்களை நம் இல்லத்துப் பெண்களும் பிள்ளைகளும் நாள்தோறும் குறிப்பிடுவது தமிழ்ச் சொற்களால்தான் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அண்மைக் காலத்தில் சில இளைஞர்கள் இதனை ஒரு குறையாகக் கருதத் தொடங்கியிருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோரும், அங்கிருந்து வரும் சொற்பொழிவுகளைக் கேட்போரும், "தொழுகை என்று சொல்வது சரியா? நோன்பு பிற சமயத்தாரின் சொல் அல்லவா? அரபியிலேயே சொன்னால்தானே தூய்மை?" என்று வினவுகின்றனர். அவர்களுடைய மார்க்கப் பற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த வினாவுக்குள் இருக்கும் எண்ணம் ஆராய்ந்து பார்க்கப்பட வேண்டியது. ஏனெனில் அந்த எண்ணம் சொற்களோடு நிற்பதில்லை. பழைய நூல்களையும் பழைய பள்ளிவாசல்களையும் நோக்கி அது நடந்துவிடுகிறது.

முதலில் சொற்களையே எடுத்துக்கொள்வோம். 'தொழுகை' வேண்டாம் என்போரில் பலர் 'நமாஸ்' என்பதை மனமுவந்து ஏற்கின்றனர். நமாஸ் அரபிச் சொல்லா? அன்று. அது பாரசீகம். வடமொழியின் 'நமஸ்' என்னும் வணக்கச் சொல்லுக்கு உடன்பிறப்பு என்று மொழிநூலார் கூறுவர். இஸ்லாத்திற்கு முன்பே பாரசீகர் தம் வழிபாட்டைக் குறிக்க வழங்கிவந்த சொல்லையே, அவர்கள் முஸ்லிம்களான பின்னும் புதுப் பொருளில் வைத்துக்கொண்டார்கள். 'ரோஸா'வும் 'குதா'வும் அப்படியே. பாரசீகர் செய்தது தூய்மையென்றால் தமிழர் செய்தது மட்டும் எவ்வாறு மாசாகும்?

கடல் கடந்து பாருங்கள். இன்று உலகிலேயே மிகுந்த தொகை முஸ்லிம்கள் வாழும் நாடுகளுள் முன்னணியில் நிற்பது இந்தோனேசியா. அந்நாட்டு மக்கள் தொழுகைக்கு வழங்கிவந்த சொல் 'செம்பாயாங்'. 'செம்பா' என்றால் வணங்குதல். 'ஹ்யாங்' என்பது ஜாவா மக்கள் தெய்வத்தைக் குறிக்கப் பண்டு தொட்டு வழங்கிய சொல். நோன்புக்கு அவர்கள் சொல்வது 'புவாசா'. நமக்குத் தெரிந்த 'உபவாசம்'தான் அது. நன்மைக்குக் கிடைக்கும் கூலியை 'பஹாலா' என்கிறார்கள். அது 'பலம்', அதாவது பலன். பாவத்திற்கு 'டோசா'; அது நம் 'தோஷம்'. சொர்க்கம் 'சுர்கா', நரகம் 'நெராகா', மார்க்கம் 'அகாமா', அதாவது ஆகமம். கோடானுகோடி முஸ்லிம்கள் இச்சொற்களைக் கொண்டுதான் மறுமையை அஞ்சியும் நற்கூலியை ஆதரவு வைத்தும் வாழ்ந்து மறைந்தார்கள். அவர்களுடைய ஈமானில் யார் குறை காண முடியும்?

ஒவ்வொரு தூதரும் அவரவர் சமூகத்தின் மொழியிலேயே, மக்களுக்கு விளங்கும்படி எடுத்துரைக்க அனுப்பப்பட்டார் என்பது 14-ஆவது அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்கு அறிவிக்கும் செய்தி. மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையே தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக 30-ஆவது அத்தியாயத்தில் அவன் எண்ணுகிறான். வேற்றுமையைப் பொறுத்துக்கொள் என்று மட்டும் அவன் கூறவில்லை. அதனை அத்தாட்சி என்றான். இவ்விரு கருத்துகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தமிழகத்திற்கும் அந்தத் தீவுகளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்னும் பழந்துறைமுகத்தை அடுத்த லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் பொறித்தது அது. கற்பூரத்திற்குப் பெயர்பெற்ற அத்துறைக்கு நம் வணிகர் சென்றுவந்த வழியே சொற்களும் சென்றன. இன்றும் அவர்கள் கப்பலை 'காப்பால்' என்றும், கடையைக் 'கெடாய்' என்றும், பெட்டியைப் 'பெத்தி' என்றும் சொல்கிறார்கள். மலாய் மக்கள் ஊரின் மார்க்கம் அறிந்த பெரியவரை 'லெபாய்' என்று அழைத்துவந்தனர். நம் 'லெப்பை'தான் அங்கே போய்க் கடற்காற்றில் சற்றே உருமாறியிருக்கிறது!

உலகம் சுற்றிய இப்னு பதூதா அவர்களின் பயணத்திலும் இவ்விரு நாடுகளும் அடுத்தடுத்து வருகின்றன. 1340-களில் அவர் மதுரைக்கு வந்தார். அப்போது இங்கே மஅபர் சுல்தான்களின் ஆட்சி. ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்ததையும், சுல்தான் கியாதுத்தீன் புரிந்த கொடுமைகளையும் அவர் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்; ஆள்பவன் முஸ்லிம் என்பதற்காகக் கொடுமையை அவர் நியாயப்படுத்தவில்லை. பின்னர் அவர் சுமத்ராவின் சமுத்ரா என்னும் நகரை அடைந்தபோது, அங்கே ஷாஃபிஈ வழியைப் பின்பற்றும் ஒரு சுல்தானைக் கண்டார். மார்க்கச் சட்ட அறிஞர்களை நேசித்தவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நடந்தே சென்றவர் என்று அவரைப் புகழ்கிறார். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களிலும் ஷாஃபிஈ வழி தழைத்திருப்பதும், உள்நாட்டில் மதுரை, திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர்கள் ஹனஃபீ வழியினராக இருப்பதும் வாசகர் அறிந்தவையே.

இனி, இக்கட்டுரையின் மையமாகிய செய்திக்கு வருவோம். மதுரை மக்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி இது. ஆனால் நம் பிள்ளைகளில் நூற்றில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் வியப்பு.

இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையது 'ஆயிர மசலா'. 1572-ஆம் ஆண்டில் இந்நூல் மதுரையில் அரங்கேறியது. இயற்றியவர் வண்ணப் பரிமளப் புலவர். செய்கு முதலி இஸ்ஹாக் என்பது அவருடைய மற்றொரு பெயர். அந்தப் பெயரைச் சற்று உற்று நோக்குங்கள். செய்கு என்பது அரபி. முதலி என்பது தமிழ். இஸ்ஹாக் என்பது ஒரு நபியின் திருப்பெயர். ஒரே மனிதரின் பெயருக்குள் இவை மூன்றும் ஒன்றையொன்று நெருக்காமல் அமர்ந்திருக்கின்றன. நூலின் பெயரும் அவ்வாறே: 'ஆயிரம்' தமிழ், 'மசலா' என்பது வினாவைக் குறிக்கும் அரபிச் சொல். 'அதிசய புராணம்' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. வினா விடையாக அமையும் மசலா என்னும் வகை, அதுவரை தமிழில் இல்லாதது. கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்று முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குத் தந்த புதுவகைகள் இன்னும் உள்ளன.

நூலின் பொருள் என்ன? மதீனாவில் வாழ்ந்த யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வினாக்கள் தொடுக்கிறார். படைப்பு, வானம், பூமி, சுவனம், நரகம், இறுதிநாள் என ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் விடை பெற்று, இறுதியில் இஸ்லாத்தைத் தழுவுகிறார். இந்நிகழ்ச்சியின் வேர் ஸஹீஹான ஹதீஸில் இருக்கிறது. ஆனால் அங்கே அவர் கேட்டவை மூன்றே வினாக்கள்: இறுதிநாளின் முதல் அடையாளம் எது, சுவனவாசிகளின் முதல் உணவு எது, குழந்தை தந்தையையோ தாயையோ ஒத்திருப்பது எதனால். மூன்று ஆயிரமாக வளர்ந்தது கதை சொல்வோரின் கற்பனையால். ஆதலால் 'ஆயிர மசலா'வின் ஒவ்வொரு விடையையும் ஹதீஸ் போலக் கொள்ளலாகாது என்பதை ஓர் ஆலிம் என்ற முறையில் இங்கே சொல்லிவிடுவது என் கடமை. அதற்காக அந்நூலைப் புறந்தள்ளுவதும் முறையன்று. புதிதாக மார்க்கத்தை அறியவந்த மக்களுக்கு, அவர்களுடைய மனத்தில் எழக்கூடிய கேள்விகளையெல்லாம் ஒருவர் வாயில் வைத்து விடையளித்த பாடநூல் அது.

இப்போது வியப்பைக் கேளுங்கள். இதே ஆயிரம் வினாக்களின் கதை மலாய் மொழியிலும் வழங்கியது. ஜாவா மொழியிலும் வழங்கியது. மலாயில் அதன் பெயர் 'செரிபு மஸாலா'. 'செரிபு' என்றால் ஆயிரம். நம் 'ஆயிர மசலா'வும் அதுவும் பெயரளவிலேயே இரட்டைப் பிள்ளைகள்! ஜாவா மொழியில் வினவும் அறிஞர் 'ஸமுத்' என்ற பெயரில் வருகிறார். ரோனித் ரிச்சி என்னும் ஆய்வாளர் இம்மூன்று மொழி நூல்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, 2011-இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். அரபி மூலத்தின் நிழலில் தமிழும் மலாயும் ஜாவாவும் ஒரே உலகமாக இயங்கின என்பதை அந்நூல் விரிவாக எடுத்துக்காட்டுகிறது. இதே கதை 1143-ஆம் ஆண்டிலேயே லத்தீன் மொழிக்கும் சென்றது. ஆனால் அங்கே அதனைப் பெயர்த்தோரின் நோக்கம் இஸ்லாத்தை மறுப்பது. கீழ்த்திசை நாடுகளிலோ அது கலிமாவுக்கு வழிகாட்டும் நூலாயிற்று.

வைகைக்கரையில் ஒரு புலவரும் ஜாவாவில் ஒரு புலவரும் ஒருவரையொருவர் காணாமலேயே ஒரே பணியைச் செய்திருக்கிறார்கள். ஒருவர் விருத்தப்பா பாடினார். மற்றவர் தம் நாட்டு இசைப்பா பாடினார். இருவரும் அரபிச் சொற்களுள் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அல்லாஹ், நபி, ஈமான், கலிமா போன்றவை பெயர்க்கப்படவில்லை. மற்றவற்றைத் தம் மக்களின் நாவில் இருந்த சொற்களால் சொன்னார்கள். எதைப் பெயர்ப்பது, எதைப் பெயர்க்காமல் வைப்பது என்னும் அந்த நுண்ணிய முடிவை எடுத்தவர்கள் மார்க்கம் அறியாதவர்கள் அல்லர். நாம் இன்று வாய்திறந்து 'நோன்பு' என்று சொல்வது அவர்கள் எடுத்த முடிவின் பயனே.

சொல்லோடு உவமையும் காட்சியும் கூட இந்நாட்டுக்குரியனவாயின. உமறுப் புலவர் (1642-1703) பாடிய சீறாப்புராணத்தில் 5,027 பாடல்கள் உள்ளன. வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலும், கீழக்கரை ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் கல்வி வட்டமும் அக்காப்பியத்தின் பின்னே நின்றன. அதில் அரபு நாட்டு வருணனையைப் படிப்போர் மயங்கிப்போவர். மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது, உழவர் ஏர் பூட்டுகின்றனர். மக்கமா நகர் மணலும் பாறையும் சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பது உமறுக்குத் தெரியாதா? நன்கு தெரியும். நாட்டு வளம் பாடித் தொடங்குவது தமிழ்க் காப்பிய மரபு. ஓர் ஊர் இறையருள் பெற்றது என்பதைத் தமிழனுக்கு உணர்த்தும் மொழி நீரும் நெல்லும்தான். சோழவந்தானின் நெல்வயல்களையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் கடந்து வாடிப்பட்டிக்கு வரும் எவருக்கும் இது தனியே விளக்க வேண்டாதது. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் இப்பக்கத்து மக்களின் முகத்தில் பெருநாள் பிறக்கும்!

ஜாவாவிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. அங்கே வாயாங் என்னும் தோல்பாவை நிழற்கூத்து பாரதக் கதையை நடத்திக்காட்டுவது. அதில் தருமருக்கு 'கலிமசாதா' என்னும் மந்திர ஏடு ஒன்று உடைமை. முஸ்லிம்களான ஜாவா மக்கள் அச்சொல்லைக் 'கலிமா ஷஹாதா' என்றே விளங்கிக்கொண்டனர். ஒன்பது வலிமார்களுள் ஒருவரான ஸூனன் காலிஜாகா, பாவைக் கூத்தைக் காண வருவோரிடம் காசு கேட்காமல் கலிமாவைச் சொல்லக் கேட்டார் என்று ஒரு மரபுக்கதையும் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், மக்களை அவர்கள் இருந்த இடத்தில் சென்று சந்தித்தார்கள் என்பது தெளிவு.

கட்டடங்களைப் பாருங்கள். ஜாவாவின் தெமாக் நகரில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய பள்ளிவாசலுக்குக் கும்மட்டம் இல்லை. மூன்றடுக்குக் கூரை, அதனைத் தாங்கும் நான்கு பெருந்தூண்கள். அவற்றுள் ஒன்று மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டி உருவாக்கப்பட்டது. அதனை அமைத்தவர் ஸூனன் காலிஜாகா என்பர். குதுஸ் என்னும் ஊரின் பெயரே பைத்துல் முகத்தஸின் 'அல்குத்ஸ்' என்பதிலிருந்து வந்தது. அங்கே 1549-ஆம் ஆண்டில் எழுந்த பள்ளிவாசலின் கோபுரம், மஜபாஹித் பேரரசு காலத்து இந்துக் கோயிலைப் போன்ற செங்கல் வேலை. பாங்குக்கு முன் முழக்கும் பெருமுரசு அதன் உச்சியில் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நோன்புக் காலத்தில் நகரா முழங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேளத்திற்குப் பெயர்பெற்ற வாடிப்பட்டியில் முரசொலியின் அருமையை நான் எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? அந்தக் குதுஸ் நகரில், இந்து மக்களின் மனம் புண்படாதிருக்கப் பசுவை அறுப்பதைத் தவிர்க்குமாறு ஸூனன் குதுஸ் அறிவுறுத்தினார். இன்றும் அவ்வூரில் எருமை இறைச்சிச் சாறே பேர்பெற்ற உணவு. சட்டத்தில் ஆகுமான ஒன்றை அண்டைவீட்டாரின் பொருட்டு விட்டுக்கொடுத்த பெருந்தன்மை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஊரின் சமையற்கட்டில் வாழ்கிறது.

நம் மதுரையிலும் காண வேண்டியவை உண்டு. காஜிமார் தெருப் பள்ளிவாசல், 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர் அளித்த நிலத்தில் காஜி சையித் தாஜுத்தீன் அவர்களால் எழுப்பப்பட்டது என்பது அவ்வழியினர் பேணிவரும் வரலாறு. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவில் 1573-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. பாண்டியர் காலத்து நிலக்கொடையை வீரப்ப நாயக்கர் உறுதிசெய்த ஆவணம் அது. ஆண்டை மறுபடி பாருங்கள். 1572-இல் 'ஆயிர மசலா' இந்நகரில் அரங்கேறுகிறது. மறு ஆண்டே இந்நகரின் இந்து மன்னர் முஸ்லிம்களின் நிலவுரிமையைக் கல்லில் பொறிக்கிறார். நூலும் கல்லும் ஒரே காலத்துச் சாட்சிகள்.

பள்ளி என்னும் சொல்லுக்கே இப்பக்கத்தில் நெடிய வரலாறு உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர் உறைந்த குகைகளும் கற்படுக்கைகளும் உள்ளன. வைகைக் கரையோரத்து மேட்டுப்பட்டி சித்தர்மலையிலும் தமிழ்ப் பிராமி எழுத்துகளோடு அத்தகைய படுக்கைகளைக் காணலாம். அத்தகைய உறைவிடங்களைத் தமிழர் பள்ளி என்றனர். பின்னர் பிள்ளைகள் கற்கும் இடமும் பள்ளியாயிற்று. முஸ்லிம்கள் தொழும் இடமும் பள்ளியாயிற்று. ஒழுக்கத்தையும் கல்வியையும் துறவையும் குறித்துப் பழகிய சொல்லை நம் முன்னோர் தேர்ந்தெடுத்தது அறியாமையாலா, அறிவினாலா? வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழம்பள்ளிகள் கல் மண்டபங்கள். அங்குத் தூணுண்டு, போதிகையுண்டு, பூவேலையுண்டு. உருவம் ஒன்றும் இல்லை. தமிழகக் கல்தச்சரின் உளி அப்படியே இருக்க, உருவம் மட்டும் விலக்கப்பட்டு, அவ்விடத்தில் கொடியும் மலரும் படர்ந்தன. இதனினும் நேர்த்தியாக மார்க்க வரம்பையும் மண்ணின் கைவேலையையும் ஒருங்கே பேண முடியுமா? அத்தகைய பள்ளிகளைப் 'பழையது, இருட்டு, கும்மட்டம் இல்லை' என்று இடித்துவிட்டுக் காங்கிரீட் எழுப்பிய ஊர்கள் பல. இடம் போதவில்லை என்பது உண்மையான துன்பமே, மறுக்கவில்லை. ஆனால் கும்மட்டம் இருந்தால்தான் பள்ளிவாசல் என்பது மார்க்கத்தில் எங்கும் இல்லாத விதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலே பேரீச்ச மரத்தூணும் ஓலைக் கூரையுமாகத்தான் இருந்தது.

இந்தோனேசியாவில் வேறொரு சோதனையைக் காண்கிறோம். அவர்கள் தம் மரபுகளை இடிக்கவில்லை. காட்சிப்பொருளாக்கிவிடும் அபாயத்தில் இருக்கிறார்கள். வாயாங் கூத்தை 2003-ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. ஒன்பது வலிமார்களின் அடக்கத்தலங்களுக்குப் பேருந்து பேருந்தாக மக்கள் செல்கின்றனர். 'மார்க்கச் சுற்றுலா' என்றே அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். யோக்யகர்த்தா நகரில் நபிகளாரின் பிறந்த மாதத்தில் நடக்கும் 'ஸெகாத்தேன்' விழாவின் பெயர் 'ஷஹாதத்தைன்' என்னும் இரு சாட்சிய மொழிகளிலிருந்து வந்தது என்பர். பள்ளிவாசல் முற்றத்தில் அரண்மனை வாத்தியங்கள் முழங்க, கூடிவரும் மக்களுக்குச் சாட்சியத்தை எடுத்துச் சொல்வது அதன் தொடக்க நோக்கமாம். பிற்காலத்தில் இராட்டினமும் இரவுக் கடைகளும் அதனோடு சேர்ந்து பெரிய சந்தையாயிற்று. படம் எடுக்க வருவோர் வாத்தியத்தை எடுத்துச் செல்கின்றனர். சாட்சியம் படத்தில் விழுவதில்லை.

இத்தகைய நிலை நம்மிடமும் இல்லாமல் இல்லை. சந்தனக்கூடு ஊர்வலங்களில் வெளிச்சமும் ஆரவாரமும் பெருகி, தொழுகை நேரம் தவறுமானால் அதனை மரபு என்று சொல்லிக் காக்க நான் வரமாட்டேன். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் வலியுறுத்துகிறது. அது படிப்பினை பெறுவதற்கான பார்வை, வேடிக்கைப் பார்வையன்று.

அப்படியானால் எல்லை எங்கே? மார்க்கச் சட்ட அறிஞர்கள் மக்களின் வழக்கத்திற்கும் தீர்ப்பில் இடமுண்டு என்பதை அடிப்படை விதிகள் ஐந்தனுள் ஒன்றாக வகுத்தனர். திருமறைக்கும் நபிவழிக்கும் முரண்படாதவரை அவ்வழக்கம் மதிக்கப்படும். வணக்கத்தின் உள்ளே நாம் ஓதுவன அரபியிலேயே அமையும். இங்கும் ஒரு செய்தி சுவையானது. நாம் பின்பற்றும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பாரசீக வழியில் வந்தவர்கள். தொழுகையில் பாரசீகப் பொருளைச் சொல்வது பற்றி அவர்கள் ஆய்ந்து, தொடக்கத்தில் இடமளித்ததாகவும், பின்னர் தம் மாணவரிருவரின் கருத்துக்கு வந்ததாகவும் நூல்கள் கூறும். ஆக, அந்த வினாவையே எழுப்பக் கூடாது என்று அவர்கள் கருதவில்லை. தொழுகைக்கு வெளியே, கற்பதிலும் கற்பிப்பதிலும் பாடுவதிலும் உடுப்பதிலும் கட்டுவதிலும் வாசல் அகலமானது. நம் பெண்கள் கழுத்தில் கருகமணி அணிவதும், ஜும்ஆவின் அரபிக் குத்பாவுக்கு முன் தமிழில் பயான் செய்வதும் அந்த அகன்ற வாசலுக்குள் அடங்கும்.

நம் முன்னோர் கண்ட மற்றொரு வழியும் உண்டு. அது மறைந்துகொண்டிருக்கிறது என்பதால்தான் இக்கட்டுரை எழுதத் துணிந்தேன். அதுவே அரபுத் தமிழ். தமிழை அரபி எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத ட, ப, ங, ஞ, ண, ள போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளின் மேலோ கீழோ கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு அமைத்துக்கொண்டார்கள். மலாய் மக்கள் தம் மொழியை இவ்வாறு எழுதியதை ஜாவி என்றும், ஜாவா மக்கள் எழுதியதைப் பெகோன் என்றும் வழங்குகின்றனர். பெஸந்த்ரேன் எனப்படும் ஜாவா மத்ரஸாக்களில் இன்றும் பெகோன் கற்பிக்கப்படுகிறது. கிதாபின் வரிகளுக்கிடையே பொருளெழுத மாணவர் அதனைக் கையாளுகின்றனர். அவர்கள் காத்தார்கள், நாம் கைவிட்டோம்.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் அரபுத் தமிழில் மார்க்கச் சட்ட நூல்கள் எழுதினார்கள். 'மகானி' அவற்றுள் பேர்பெற்றது. பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்துக் கற்காத பெண்கள்கூட, குர்ஆன் ஓதத் தெரிந்த காரணத்தால் இந்நூல்களைத் தாமே வாசித்தார்கள். உலகக் கணக்கில் எழுத்தறியாதவர் என்று எண்ணப்பட்ட நம் பாட்டிமார் பலர் உண்மையில் நூல் வாசித்த பெண்மணிகள்.

அந்த நூல்கள் இப்போது எங்கே? பல இல்லங்களில் பரண்மேல், தகரப் பெட்டிக்குள். அரபி எழுத்தைக் கண்டதும் குர்ஆன் என்றெண்ணி முத்தமிட்டு உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். கிழிந்துபோனால் மரியாதையோடு மண்ணில் புதைத்துவிடுகிறார்கள், அல்லது ஆற்றில் விடுகிறார்கள். அன்பினாலேயே அழிக்கிறோம்! கரையான் தின்றதைவிட இவ்வாறு அடக்கம் செய்யப்பட்டவையே மிகுதியாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பெருநாளுக்கு வீட்டைத் தூய்மை செய்யும்போது பழைய அரபி எழுத்து நூல் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். குர்ஆன் ஓதி முடித்த பிள்ளையை அழைத்து ஒரு வரியை எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள். குறிகள் இட்டிருப்பதால் கூட்டுவது எளிது. வழக்கத்தில் இல்லாத புள்ளிகள் கண்ணில் பட்டால் அங்கேயே நின்று, அச்சொல் தமிழாக ஒலிக்கிறதா என்று காது கொடுங்கள். முதல் வரி தடுமாறும். மூன்றாம் வரிக்குள் பிள்ளையே சிரித்துவிடும். தமிழ்தான் என்று உறுதியானால் ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்து, வெயிலில் காயப் போடாமல், வேப்பிலையும் துணிச்சுற்றுமாக வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து ஊர் மத்ரஸா உஸ்தாதிடம் காட்டுங்கள். அட்டை போயிருந்தாலும் கடைசிப் பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். அச்சிட்ட ஊரும் ஹிஜ்ரி ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அரபி எண்களில். அது 1290 என்றிருந்தால், உங்கள் கையில் இருப்பது 1873-ஆம் ஆண்டையொட்டி, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் உயிரோடிருந்த காலத்தில் அச்சான ஏடு.